கட்டிலுக்கடியில் கருவாடு

பரணில் கவிழ்த்து வைத்திருந்த மீன் சருவத்தை மாமி மறுபடியும் கீழே இறக்கிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமி என் கணவரின் அம்மா. கடற்கரையில் பிறந்து பாறசாலைக்கு மருமகளாக வந்தவர். அந்த அலுமினியச் சருவத்தைத் தலையில் சுமந்து, குன்னத்துகால் வரை வீடு வீடாக மீன் விற்றுத்தான் மகனை ஆளாக்கினார். கர்ப்பப்பை இறங்கிப்போனதற்கு அந்தச் சுமையும் ஒரு காரணம் என்றார்கள். பல வருடம் பொறுத்திருந்து, கடைசியில் அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தார். வயிற்றைத் திறந்து, இறங்கியதைத் தூக்கி, செயற்கை வலைத்துண்டு ஒன்றால் முதுகெலும்போடு இணைத்துத் தைத்தார்கள். "கடல்ல கிடக்க வேண்டிய வலையாக்கும் எனக்க வயத்துல கிடக்குது" என்று பார்க்க வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்ததால்தான் சருவம் பரணுக்குப் போனது.

ஒரு வருடத்துக்கும் மேலான பிறகு அவர் அதை இறக்கியபோது வீட்டில் பெரிய சண்டை. கணவர் கத்தினார். மாமி துண்டைச் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டு நடந்தார். சும்மா இருக்க முடியாத பழக்கம் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார். ஞாயிறு பூசைக்கு மாதா கோயிலின் வாசலுக்கு வெளியே நின்றார். தன் துணிகளைத் தானே துவைத்து, வாழைக்கூட்டத்துக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் உலர்த்தினார். இடுப்பைப் பிடித்தபடி நடப்பார்; கேட்டால் சுமந்த வலி என்பார்.

அந்த மழைக்காலத்தில் கடல் கொந்தளித்துப் பல நாள் வள்ளங்கள் இறங்கவில்லை. விற்க மீன் இல்லை. மாமி அறைக்குள்ளேயே கிடந்தார். பெருக்கப் போன நான், கட்டிலுக்கடியில் ஒரு கருவாட்டுப் பொதி பிரிந்து கிடப்பதைக் கண்டேன். அடுக்களைக்குக் கொண்டுபோகலாம் என்று எடுத்தபோது மாமி என் கையைப் பிடித்தார். அவர் கை காய்ச்சலில் கொதித்தது.

"அத எடுக்காத மக்கா."

"கருவாட்ட ஆராவது படுக்கிற முறியில வைப்பாவளா மாமி?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்குக் கீழ சீழு போவுது. நாறுது. மீனுக்க நாத்தம் உண்டெங்கில் ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. அதுக்காக்கும் நான் விக்கப் போனது."

பொதியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவன்கிட்ட சொல்லாத. ஆம்பிளப் பிள்ளைகிட்ட இத எப்பிடிச் சொல்லுவது?" என்றார்.

மறுநாள் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்; அங்கிருந்து நகரத்துக்கு அனுப்பினார்கள். ஒரு பெண் மருத்துவர் பரிசோதித்து, ஸ்கேன் பார்த்தார். வலையில் கிருமி பிடித்திருக்கிறது, அதன் ஓரம் உள்சதையைத் துளைத்து வெளியே வந்துவிட்டது, மருந்தால் மட்டும் ஆறாது, எடுத்தாக வேண்டும் என்றார். சிலருக்கு இப்படி ஆவதுண்டு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் மாமி எழுந்துவிட்டார்.

"இன்னொரு தடவ வயத்தக் கீற நான் விடமாட்டேன்."

மருத்துவர் பொறுமையாக மலையாளத்தில் விளக்கினார். திறக்க வேண்டியதில்லை, நாலைந்து சிறு துளைகள் போதும், கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டு, வலையைக் கொஞ்சங்கொஞ்சமாகப் பிரித்து எடுத்துவிடலாம். ஆபத்தையும் அவர் மறைக்கவில்லை. குடலுக்கும் மூத்திரக்குழாய்க்கும் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. வலை போனால் பழையபடி இறங்கவும் கூடும்.

மாமி கொஞ்சம் யோசித்தார். "இறங்குனா இறங்கட்டும். நாறாம மனுசருக்கு இடையில இருந்தாப் போரும்."

ஆபரேஷனுக்குச் சொன்னதைவிட அதிக நேரம் ஆனது. அதற்குள் எல்லாம் அறிந்துவிட்டிருந்த கணவர் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றார். "எனக்கும் நாத்தம் தெரிஞ்சுது. மீனுண்ணு நினைச்சேன்" என்று சொல்லி அழுதார். வலை முழுவதும் வந்துவிட்டது என்று மருத்துவர் வந்து சொன்னபோது, அவரிடமும் அழுகையோடுதான் நன்றி சொன்னார்.

மாமி மறுநாளே எழுந்து நடந்தார். ஊசிவழி மருந்து ஏற ஏறக் காய்ச்சல் விட்டது. வீட்டுக்கு வந்த முதல் நாள், யாரும் கூப்பிடாமலே வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்து சோறு போடச் சொன்னார்.

சில மாதங்களில், மருத்துவர் சொன்னபடியே, கொஞ்சம் இறங்கவும் செய்தது. இப்போது உள்ளே ஒரு வளையம் பொருத்தியிருக்கிறார்கள். அதைக் கழுவி மாற்ற அவ்வப்போது போய்வருகிறார். சுமை தூக்குவதில்லை.

சென்ற மாதம், அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் அயல்கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. பேச்சு முடிந்து தேநீர் கொடுக்கும் நேரத்தில் மாமி எழுந்து நின்றார். "அடி இறங்கினாலும் சரி, நாறுற சீழு போனாலும் சரி, ஒளிச்சு வைக்காதீங்க. நான் ஒளிச்சு வச்சு சாவக் கிடந்தவளாக்கும்" என்றார். சிலர் வாய்பொத்திச் சிரித்தார்கள், சிலர் தலைகுனிந்தார்கள். மாமி உட்காரவில்லை, தனக்கு நடந்ததை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

எல்லாரும் போன பிறகும் ஒரு பெண் மட்டும் முற்றத்தில் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக நின்றாள். மாமி அவளை உள்ளே அழைத்தார். நானும் கூடவே போனேன்.

"மக்கா, நீ கொஞ்ச நேரம் வெளிய நில்லு" என்று சொல்லி, மாமி கதவைச் சாத்திக்கொண்டார்.