வாசலில் கழற்றிய சப்பாத்துகள்

கனடாவின் பிக்கரிங்கில் ஒரு பிறந்தநாள் விருந்து. உள்ளே எல்லாரும் றோல்ஸும் பேச்சுமாக இருக்க, வாசலில் குவிந்த சப்பாத்துகளுக்கு நடுவே ஒரு மனிதர் சம்மணமிட்டு இருந்தார். நல்ல கோட், மழித்த முகம், கையில் ஈரத்துணி. பனிக்கு றோட்டில் கொட்டும் உப்பு சப்பாத்தில் வெள்ளையாகப் படியுமே, அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, வேற வேலை இல்லையோ?" என்றேன்.

"பழகிப்போச்சு, தம்பி" என்று சிரித்தார். "கனடாவுக்கு வர முன்னம் அயர்லாந்தில ஒரு சின்ன டவுனில இருந்தனான். மூடின ஹோட்டல் ஒண்டில அகதியளை விட்டிருந்தாங்கள். ஒருகாலம் ஊர்க் கலியாணமெல்லாம் அங்கதானாம். நாங்கள் வழக்கப்படி சப்பாத்தை அறை வாசலில கழட்டி வைப்பம். என்ர அகதிக் கேஸ் விசாரணை அண்டு, சேத்துச் சப்பாத்தோட எப்பிடிப் போறதெண்டு யோசிச்சபடி கதவைத் திறக்கிறன், அது கண்ணாடி மாதிரி மினுங்குது! பக்கத்தில ஒரு வயசாளி பிறஷோட இருக்கிறார்."

"ஆர் அவர்?"

"முந்தி அந்த ஹோட்டலில சப்பாத்து மினுக்கினவராம். அங்க வாசலில சப்பாத்து வைச்சால், மினுக்கித் தரச் சொல்லுறதெண்டு அர்த்தம். அதுக்கு முதல் நாள் பழைய ஹோட்டலைப் பார்க்க வந்தவர், வாசலெல்லாம் சப்பாத்தைக் கண்டிட்டு விடிய வந்திருக்கிறார். 'ஐயா, நாங்கள் அகதியள்' எண்டன். 'இந்த ஹோட்டலில தங்கிறவை எல்லாரும் விருந்தாளியள்தான்' எண்டார். விசாரணைக்கு நிமிர்ந்து போனன், தம்பி."

புறப்படும்போது பார்த்தேன். என் சப்பாத்தில் ஒரு கறை இல்லை. கார் வரைக்கும் உப்புச் சேறு. மிதிக்க மனம் வராமல் படியிலேயே நின்றேன்.