ராகு காலத்தில் வந்த ஆம்புலன்ஸ்

எம்.பி.பி.எஸ். கடைசி வருஷத்தில் எங்களைக் கொஞ்ச நாள் ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். சிதம்பரத்தில் வார்டு வார்டாக நின்று கால் கடுத்துப்போயிருந்த எனக்கு அது பிக்னிக் மாதிரிதான் இருந்தது. டிரைவர் பண்ருட்டிக்காரர், சீசனில் பலாச்சுளை டப்பா இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டார். நோயாளிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் டெக்னீசியன் கடலூர்க்காரர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை டாக்டரம்மா என்பார்.

"இன்னும் டாக்டர் ஆகலண்ணா."

"ஆனப்புறம் கூப்ட்டா திரும்பிப் பாப்பீங்களா? அதான் இப்பவே கூப்ட்டுக்கிறேன்."

ஒரு திங்கட்கிழமை காலை, கிள்ளைப் பக்கம் ஒரு வீட்டில் பிரசவ வலி என்று அழைப்பு வந்தது. போய்ச் சேர்ந்தால் வலி கண்ட பெண் செருப்புகூடப் போட்டுக்கொண்டு தயாராக நிற்கிறாள். அவளுக்கு முன்னால் வாசலை மறித்துக்கொண்டு மாமியார்.

"ஏழரையிலேருந்து ஒம்போது ராகு காலம். முடியட்டும், அப்புறம் ஏத்திக்கினு போங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவில்லை. எனக்கோ கோபம் மூக்குக்கு மேலே வரும், வீட்டில் அதற்காகவே தினமும் திட்டு வாங்குகிறவள்.

"பனிக்குடம் உடைஞ்சிடுச்சும்மா. உள்ள இருக்கிற புள்ளைக்கு காலண்டர் பாக்கத் தெரியுமா?" என்று கத்தினேன்.

அந்தம்மா திருப்பிக் கத்தவில்லை. "போன தடவையும் ராகு காலத்துலதான் கிளம்பினோம். வெறுங்கையோட வந்தோம்" என்றார்.

இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டுமே என்ற பயம்தான் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

அப்போது நிலைப்படியைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணே, வலிக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "அத்தை, விடியும்போதே இடுப்பு லேசா வலிச்சுது. அப்பவே பைய எடுத்துப்போய் பக்கத்து வீட்ல வெச்சுட்டேன்."

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். கெட்ட நேரத்தில் வெளியூர் போக நேர்ந்தால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில் பையைக் கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைத்துவிடுவார்கள். பை புறப்பட்டால் ஆளும் புறப்பட்டதாக அர்த்தம். நான் மெடிக்கல் காலேஜில் சேரப் போனபோது என் அம்மாவும் என் பையை எதிர்வீட்டில் வைத்துத்தான் அனுப்பினார். அது நினைவுக்கு வராமல் கத்திக்கொண்டிருந்தேன் பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரம்மா மதில் மேலாகப் பையை நீட்டினார். மாமியார் பையைப் பார்த்தார், பிறகு எங்களை முறைத்தார்.

"அப்ப கிளம்பி எவ்ளோ நேரமாச்சு! இன்னும் என்னா நின்னுக்கினு இருக்கீங்க? வண்டிய எடுங்க."

அண்ணா மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார்.

கிளம்பியது நல்ல நேரத்தில் என்று ஆகிவிட்டது, சரி. பிறக்கிறதும் ஒன்பதுக்கு மேல்தான் பிறக்க வேண்டுமாம். மருமகளின் கையைப் பிடித்தபடி வழியெல்லாம், "மணி என்னாப்பா? மணி என்னாப்பா?" என்று டிரைவரைக் குடைந்தார்.

"வண்டிய ஓட்டட்டுமா, மணி சொல்லட்டுமா?" என்றார் டிரைவர்.

இறால் பண்ணைகளைத் தாண்டியதுமே குழந்தையின் தலை தெரிந்துவிட்டது. ஒரு புளியமரத்தடியில் வண்டி ஒதுங்கியது. டிரைவர் இறங்கிப்போய் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "நீங்க புடிங்க டாக்டரம்மா, நான் கூடவே இருக்கேன்" என்றார் அண்ணா. பிடித்தேன். பெண் குழந்தை.

அழவில்லை.

துடைத்தோம். வாயில் இருந்ததை அண்ணா உறிஞ்சி எடுத்தார். நான் முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலைச் சுண்டினேன். மறுபடியும் தேய்த்தேன். எனக்கு உயிரே என்னிடத்தில் இல்லை. பிறகு மகாராணி ஒரு தும்மல் போட்டாள், அப்புறம் ஊரைக் கூட்டினாள். அப்பாடா என்றிருந்தது. நானும் கூடவே அழுதேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குழந்தையை அம்மாவின் வயிற்றில் போட்டுப் போர்த்திய பிறகுதான் சுரீரென்றது. பிரசவ வார்டில் குழந்தை கைக்கு வந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியை உரக்கச் சொல்வோம். பழக்க தோஷத்தில் நிமிர்ந்து பார்த்திருக்கிறேன். ஆம்புலன்ஸில் அந்த இடத்தில் ஒரு சின்ன ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, மணி பாத்தீங்களா?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நான் இருந்தேன்."

செல்போனை எடுத்துப் பார்த்தால் ஒன்பது தாண்டியிருந்தது. பிறந்தது அதற்கு முன்னாலா பின்னாலா? தெரியவில்லை. மெல்ல மாமியாரிடம் கேட்டேன்.

"வழியெல்லாம் மணி கேட்டுக்கிட்டே வந்தீங்களேம்மா. பொறந்தப்ப மணி என்னா?"

அவர் மருமகளின் கையை இன்னும் விட்டிருக்கவில்லை.

"புள்ள அழலையேன்னு அதையே பாத்துக்கினு இருந்தேன்" என்றார். "மணிய எவ பாத்தா?"