இடப்பக்கத் தகட்டின் பித்தளை அடைப்பு

சென்ற ஆண்டு தவக்காலத்தில் சர்வேசுரன் எங்கள் அண்ணனைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். ஆண்டுப் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினருக்கும் நண்பருக்கும் அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும் பொறுப்பை அண்ணி என்னிடம் ஒப்படைத்தார். "கூடப் பொறந்தவரு நீங்கதான் தம்பி, நீங்கதான் எழுதணும்" என்றார். கூடப் பிறந்தவன் என்பதால்தான் கஷ்டம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணன் நெல்லித்தோப்பில் பிறந்தார். இரண்டு ஆண்டு கழித்து அதே வீட்டில் நான் பிறந்தேன். பத்து வயதுவரை நான் புதுச் சட்டை போட்டதில்லை. அவர் போட்டுக் கழித்ததுதான் எனக்கு. பிரெஞ்சுப் பள்ளி வாத்தியாருக்கு என் பெயரே தெரியாது, 'அவனுடைய தம்பி' என்றுதான் கூப்பிடுவார். ஆரம்பப் பள்ளி முடிக்கும் செர்த்திஃபிக்கா பரீட்சையில் அண்ணன் முதல் தடவையிலேயே தேறினார். நான் இரண்டாம் தடவை தேறினேன். அம்மா எங்கள் சிறு வயதிலேயே போய்விட்டார். பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்ததும், அந்த வேலைக்கு அண்ணன் போனார். குடும்பம் முழுவதையும் தோளில் தாங்கினார். என்னைப் படிக்க வைத்ததும், பிரெஞ்சு அரசாங்கப் பட்டறையில் வேலைக்குச் சேர்த்ததும், கலியாணம் செய்து வைத்ததும் அவர்தான். அவர் கோபித்துப் பேசி யாரும் கேட்டதில்லை. கொஞ்சமாவது கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்பாவுக்குப் பார்வை போன பிறகு விரல்தான் கண். நாங்கள் செய்து கொண்டுவரும் எதையும் வாங்கித் தடவிப் பார்ப்பார். அண்ணன் செய்ததென்றால் கீழே வைக்க மனம் வராமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, "பெரியவன் கை" என்பார். நான் செய்ததென்றால், "ம், நல்லாத்தான் இருக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். 'பெரியவன் கை' என்ற அந்த இரண்டு வார்த்தைக்காக என் வயிறு எரிந்ததை இன்று மறைக்கப் போவதில்லை.

ரோட்டில் ஜல்லியை நசுக்கும் நீராவி உருளையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே இனத்தில், உருளைக்குப் பதிலாகப் பெரிய சக்கரம் போட்டு, பின்னால் பார வண்டியை இழுத்துப் போகிற என்ஜினும் உண்டு. பஞ்சாலையில் ஒரு வெள்ளைக்கார மேஸ்திரி ஊர் திரும்பும்போது விட்டுப்போன பழைய ஆங்கிலப் பத்திரிகையில் அதன் படம் அளவுகளோடு இருந்தது. அதை ஒன்றரை முழ நீளத்தில் செய்து ஓட்டுவது என்று அண்ணன் முடிவு செய்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டின் பின்பக்கச் சாய்ப்பில் உட்கார்ந்துவிடுவார். இரண்டு வருஷம் ஆயிற்று. கொதிகலன் மூன்று தடவை ஒழுகியது. மூன்று தடவையும் ஆணிகளைப் பிடுங்கிப் புதிதாக அறைந்தார். இதைக் கேள்விப்பட்ட எங்கள் சுவாமியார், திருவிழாக் கடைசி நாளில் அந்த என்ஜின் மாதா சுரூபம் வைத்த சிறு வண்டியைக் கோயில் முற்றத்தில் இழுத்து வரட்டும் என்றார். அண்ணனும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் நான் குறுக்கே புகுந்தேன்.

இந்த என்ஜினில் கொதிகலனுக்கு இருபுறமும் இரண்டு இரும்புத் தகடுகள் நிற்கும். சக்கரத்தைச் சுற்றுகிற தண்டுகளெல்லாம் அவற்றின் துளைகளில்தான் உட்காரும். இரண்டு தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிப் பிடித்து ஒரே வீச்சில் துளை போடுவதுதான் முறை. எனக்கும் அது தெரியும். ஆனால் அப்படிச் செய்தால் துளை போட்டவர் அண்ணன், பிடித்தவன் தம்பி என்று ஆகிவிடும். "இடப்பக்கத் தகட்ட என் பட்டறையில நானே செஞ்சி எடுத்தாறேன்" என்றேன். அண்ணன் அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "சரி, செய்யி" என்றார்.

அவருடைய ஆலையில் யந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவை, எல்லாம் அங்குலக் கணக்கு. என் பட்டறையில் பிரெஞ்சு மில்லிமீட்டர். ஒரு அங்குலத்துக்கு இருபத்தைந்து மில்லி என்பது எங்கள் வாய்க்கணக்கு. மேலே உள்ள, அரை மில்லிக்குச் சற்றுக் குறைந்த சொச்சத்தை யாரும் பேச்சில் சேர்ப்பதில்லை. நான் அந்த வாய்க்கணக்கிலேயே தகட்டில் குறி போட்டுத் துளைத்துவிட்டேன்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது பூட்டினோம். திருகுகள் தளர்வாக இருந்தவரை தண்டு சுற்றியது. இறுக்கியதும் நின்றுவிட்டது. அண்ணன் தண்டு வளைந்திருக்கிறதா என்று உருட்டிப் பார்த்தார். தாங்கிகளைச் சுரண்டினார். பல்சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக அரம் போட்டார். தளர்த்தினால் ஓடும், இறுக்கினால் நிற்கும். மூன்றாம் நாள், அவர் ஆலைக்குப் போயிருந்தபோது, நான் இரண்டு தகட்டையும் அளந்தேன். மூன்று அங்குல இடைவெளியில் என் துளை ஒரு மில்லிக்கும் மேலே உள்ளே நெருங்கி இருந்தது. தகட்டைத் திரும்ப மாட்டி வைத்துவிட்டேன். மாலையில் அண்ணன் வந்து மறுபடி அரத்தை எடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது அவரால் முடியாமல் போகட்டுமே என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அப்பா தாமாகவே சாய்ப்புக்கு வந்தார். எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். இரண்டு பல்சக்கரங்களையும் தண்டோடு வலப்பக்கத் தகட்டில் மட்டும் மாட்டிச் சுற்றினார், வழுவழுவென்று சுற்றின. இடப்பக்கத் தகட்டில் மாட்டினார். பல்லும் பல்லும் கடித்துக்கொண்டு நின்றன.

"இந்தத் தகட்டுல துளை போட்டது யாரு?"

நான் அரத்தை எடுத்துத் துணியால் துடைக்கத் தொடங்கினேன்.

"நான்தாம்பா" என்றார் அண்ணன். "அளவெடுக்கையில அசந்துட்டேன்."

"நீயா?" அப்பா சற்று நேரம் தகட்டின்மேலேயே விரலை வைத்திருந்தார். "அப்ப வலது பக்கத்தது சின்னவன் போட்டதா? நல்லா போட்டிருக்கான். பெரியவனுக்குக் கை தப்பிப்போச்சி, சின்னவனுக்குத் தப்பல."

வாழ்நாளெல்லாம் நான் காத்திருந்த சொல் அது. அண்ணன் செய்த தகட்டுக்காக எனக்குக் கிடைத்தது. அப்பா உள்ளே போனதும், "ஏன்ணா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"உனக்கு அந்தத் தகடு வேணும்னு இருந்திச்சி. எனக்கு என்ஜின் ஓடணும். போயி பித்தளைக் கம்பி ஒண்ணு எடுத்தா."

நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். பட்டேன்தான். ஆனால் அதற்கு முன்னால் வந்தது பொறாமை. கை வேலையில் முந்தினார், படிப்பில் முந்தினார், கடைசியில் நல்ல குணத்திலும் எனக்கு எட்டாத இடத்தில் போய் நின்றுகொண்டாரே என்று அன்று அவர்மேல் ஆத்திரப்பட்டேன். பித்தளைக் கம்பியை வெட்டித் தப்பான துளையில் அறைந்து அடைத்தோம். இரண்டு தகட்டையும் சேர்த்து இறுக்கி, வலப்பக்கத் துளையின் வழியே புதுத் துளை போட்டோம். துளை போட்டவர் அண்ணன், பிடித்தவன் நான்.

திருவிழாவன்று என்ஜின் சுரூப வண்டியை இழுத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தது. அப்பா பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம், "ஒரு பக்கம் சின்னவன் வேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியே நம்பி, அடுத்த வருஷம் கண்ணை மூடினார்.

அண்ணனின் நெஞ்சில் பஞ்சுத்தூசி தங்கி இருமலாக மாறிய கடைசி மாதங்களில், இதைப் பேச நான் இரண்டு தடவை முயன்றேன். முதல் தடவை இருமல் வந்துவிட்டது. இரண்டாம் தடவை, "அத விடு, அண்ணியப் பாத்துக்க" என்றார். அப்போதும் கோபிக்கவில்லை.

அவர் படுக்கையில் கிடந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் இரவு பகல் பாராமல் பணிவிடை செய்த கன்னியர்களுக்கும், கடைசி நேரத்தில் எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்த சுவாமியாருக்கும், சவப்பெட்டியைத் தோளில் சுமந்த ஆலைத் தோழர்களுக்கும், துக்கத்தின் எட்டு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த நெல்லித்தோப்பு அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அவருடைய ஆத்துமம் இளைப்பாற எங்களோடு சேர்ந்து செபிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு விண்ணப்பமும் உண்டு. பூசை முடிந்து நீங்கள் வீட்டுக்கு வரும்போது என்ஜின் கூடத்து மேசைமேல் இருக்கும். இடப்பக்கத் தகட்டில் அந்தப் பித்தளை அடைப்பு மஞ்சளாகத் தெரியும். அண்ணன் வாழ்க்கையில் செய்த ஒரே தப்பு அதுதான் என்று நம் உறவில் எல்லோரும் அன்பாகச் சொல்வது வழக்கம். இனி அப்படிச் சொல்லாதீர்கள். அந்த என்ஜின் முழுவதும் அவருடையது. அந்த அடைப்பு ஒன்றுதான் என்னுடையது, அதை எனக்குக் கொடுத்துவிடுங்கள்.