அரிசி மூட்டைக்குள் ஒரு கை

இன்று மாலை டிராமை விட்டிறங்கி, வண்ணாரப்பேட்டை காதர் பாய் கடைக்கு அரிசி வாங்கப் போனேன். எனக்கு முன்னால் மீன்காரி ரோசம்மா, மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு நின்றிருந்தாள்.

"இன்னாம்மா பண்ணிகினு கீறே?" என்றார் பாய்.

"நேத்து மீலாது கூட்டத்துல சொன்னாங்களே பாய். உங்க நபி தானியக் குவியல்ல கைய வுட்டாராம், அடியில ஈரமா இருந்துச்சாம். ஈரத்த மேல போடு, ஜனங்க பாக்கட்டும்னாராம்."

அந்தக் கூட்டத்துக்கு ஒலிபெருக்கி வைத்ததே பாய்தான்.

ரோசம்மா கையை வெளியே எடுத்தாள். விரலெல்லாம் ஈர அரிசி.

பாய் மூட்டையைக் கிளறி ஈரத்தை மேலே போட்டார். பிறகு இறங்கி வந்து, அவளுடைய மீன் கூடையின் அடியில் கையை விட்டார்.

"நாங்க மாதா கோயிலுக்குப் போற வேதக்காரங்க பாய்" என்று அவள் கூடையை இழுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் மாதா கோயிலில் எதைப் பற்றிப் பிரசங்கம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பாய் வருகிறாராம்.