ஆடாத மேசை

மலேசியாவின் ஆயர் தாவார் ஊரில், சாலையோர ஒட்டுக்கடையில் சந்தித்த அந்தச் செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரரின் பெயரை நான் கேட்டதே இல்லை. தொப்புள் தெரியுமளவு மேலே ஏறிப்போன சிவப்பு ஜெர்சிதான் அவருக்கு அடையாளம். உட்காருமுன் ஓர் அட்டையை மடித்து மேசைக்காலுக்கு அடியில் செருகுவார். மேசை ஆடவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஒரு கப் தே கேட்பார்.

இங்கிலாந்துக் காற்பந்தில் அவர் ஆதரித்த கிளப் ஒரே பயிற்சியாளரைப் பல வருடங்களாகக் கட்டிக்கொண்டு ஒரு கோப்பையும் வாங்காமல் இருந்தது. என்னுடையது கோப்பை வாங்கும். பயிற்சியாளர்களைத் துரத்திக்கொண்டும் இருக்கும்.

"சும்மா சும்மா கோச்ச மாத்துனா கப்பு வரும், கிளப்பு போயிரும் லா தம்பி. கிளப்புன்னா ஆடாம நிக்கணும்," என்றார் ஒருநாள்.

"அதான் அண்ணே, உங்க கிளப்பு ஆடவே மாட்டேங்குது," என்றேன்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். லாரிக்காரர் அட்டையைச் சரிசெய்யக் குனிந்தவர், வெகுநேரம் நிமிரவே இல்லை.

அந்தப் போட்டிப் பருவத்தின் நடுவில் அவருடைய கிளப்பும் பயிற்சியாளரைத் துரத்தியது. கடைசியில் கோப்பையும் வாங்கியது. மறுநாள் அவர் கல்யாண மாப்பிள்ளை போல வந்து, அட்டை வைக்காமலே என் எதிரில் உட்கார்ந்தார். மேசை ஆடியது.

"அட்ட எங்கண்ணே?"

அவர் தே கப்பைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார்.

"கப்பு கையில இருக்கறவனுக்கு மேச ஆடுனா என்னா லா," என்று சொல்லிவிட்டு முழங்கையை மேசைமேல் அழுத்தமாக ஊன்றினார்.

அவர் எந்தக் கட்சி என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அப்போது யோசிக்க நேரமும் இல்லை. என் கப்பு மேசையில் இருந்தது.