ஆறாவது தூண்

எங்கள் சரக்குக் கிட்டங்கிக்கு இரண்டு தெருவிலும் வாசல். மேற்கு வாசலில் நான் கடலை வியாபாரம். கிழக்கு வாசலில் பாய்க்குத் தோல் வியாபாரம். நடுவே சுவர் கிடையாது. வரிசையாக ஏழு தூண்கள். இந்த மூட்டை இத்தனையாவது தூண் என்றுதான் அடையாளம் சொல்வோம். நான் மேற்கிலிருந்து எண்ணுவேன், அவர் கிழக்கிலிருந்து. எங்கள் இரண்டாவது தூண் அவர்களுக்கு ஆறாவது.

அந்த ஆடியில் குழாய் பதிக்க எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நெய்க்காரப்பட்டிக்கு விதைக்கடலை ஏற்ற வந்த லாரிக்காரர் கிழக்கு வாசலுக்குப் போய்விட்டார். ‘ஆறாவது தூண், பத்து மூட்டை’ என்று காலையிலேயே அவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு நான் சின்னாளப்பட்டி போயிருந்தேன். பாயின் ஆட்களே ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

மத்தியானம் வந்து பார்த்தால் விதை அப்படியே இருக்கிறது. இரண்டாவது தூணில் செக்குக்கு வைத்திருந்த பழைய கடலையைத்தான் காணோம். அது பாதிகூட முளைக்காது.

“பாய், ஆறாவதுன்னா எங்க ஆறாவது!”

அவர் தூண்களை ஒருமுறை பார்த்தார். “யா அல்லா! வேன எடுக்கச் சொல்றேன். நீ வெதைய ஏத்து தம்பி.”

ஒட்டன்சத்திரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இறங்கி இங்கும் அங்கும் நடந்தேன்.

“நீ நடந்தா கேட் தொறக்குமாப்பா? உக்காரு” என்றார் கூடவே வந்த பாய். அவர் கை மட்டும் வேன் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

நாங்கள் போனபோது களத்தில் பெண்கள் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விவசாயி அதற்குள் ஒரு காட்டை விதைத்தே முடித்திருந்தார்.

“பருப்பு சுருங்கித்தானுங்க கெடந்துச்சு. நீங்க குடுத்தது தப்பா இருக்காதுன்னு வெதைச்சுப் போட்டனுங்க.”

பாய்தான் சொன்னார்: “தப்பு எங்க மேலதாங்க. நாளைக்கு மறுபடி ஏர் பூட்டுங்க, நாங்களும் வாரோம்.” சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி, பெண்களோடு உட்கார்ந்து புது விதையை உடைக்கத் தொடங்கினார். மறுநாள் அந்தக் காட்டை மறுபடி உழுது விதைத்த பிறகே ஊர் திரும்பினோம்.

தூண்களில் எண் எழுதினோம். எந்தப் பக்கம் ஒன்று என்பதில் இரண்டு நாள் சண்டை. கடைசியில் கிழக்குக்கு விட்டுக்கொடுத்தேன். ஆனாலும் மனம் காட்டிலேயே கிடந்தது. மழை வந்தால் விதை அழுகுமோ என்றும், வராவிட்டால் காயுமோ என்றும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விதைத்த எட்டாம் நாள் சந்தைக்கு வந்த அந்த விவசாயி வாசலில் நின்று, “மொளைச்சிருச்சுங்க” என்றார்.

பாயிடம் சொல்லத் தூண்களுக்கிடையே ஓடினேன்.