ரோஸ் மருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஃபைனலும்

காக்ஸ் டவுனில் அந்தச் சின்ன நர்சிங் ஹோமில் கேத்தரின் சிஸ்டருக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். வார்டுக்குள் வந்ததும் முதல் வேலை, ஒவ்வொரு கட்டிலருகிலும் இருக்கும் அலமாரியைத் திறந்து பார்ப்பது. முறுக்கு, ஊறுகாய், பக்கத்து வீட்டார் தந்த லேகியம் எதுவும் அவளிடம் தப்பாது. வாயும் சும்மா இருக்காது.

மூன்றாம் கட்டில் சின்னப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கிருமித்தொற்று. காய்ச்சலைவிட அவரை வாட்டியது ஞாயிற்றுக்கிழமைக் கவலை. அன்று ஃபுட்பால் ஃபைனல், அவர் மகள் மமதா கோல்கீப்பர். மகள் ஆடிய ஒரு மேட்சையும் விடாத மனிதர்.

டிரிப்பில் ஆன்டிபயாடிக் ஏறியது. மூன்றே நாளில் காய்ச்சல் ஓடிப்போனது. செவ்வாய்க்கிழமை டாக்டர் நிருபமா அதையே மாத்திரையாக மாற்றினார். புதன் மாலை காய்ச்சல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னும் வீரியமான மருந்தை ஒரு வாரம் ஏற்ற வேண்டிவரலாம் என்றார் டாக்டர். சின்னப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கேத்தரினுக்குப் பாவமாக இருந்தது.

அலமாரியைத் திறந்தாள். ரோஸ் கலர் அசிடிட்டி மருந்து பாதியாகியிருந்தது. ஒளித்து வைத்ததல்ல; டிரிப் ஏறும்போது அவளே குடிக்கச் சொன்னது. மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டாள். வயிறு புண்ணாகாமல் இருக்க முதலில் இரண்டு மூடி ரோஸ் மருந்து, அதன் மேலேயே மாத்திரை என்றார் பெருமையாக.

கேத்தரின் தலையில் அடித்துக்கொண்டாள். திட்டு வாங்க வேண்டிய ஆள் அவளேதான். நேரே டாக்டரிடம் போனாள்.

"தப்பு என்னுதுதான் மேடம். டிரிப்னா நேரா ரத்தத்துல போயிடும், அதான் ரோஸ் மருந்தக் குடிக்க விட்டேன். மாத்திரைக்கு மாத்தினப்போ நிறுத்தச் சொல்ல மறந்துட்டேன். வயித்துல அது மாத்திரையப் புடிச்சு வெச்சுக்கிச்சு, ரத்தத்துல சேர விடல."

என் கண்ணிலும் படவில்லையே என்றார் டாக்டர். ஒரு நாள் மறுபடி டிரிப். வெள்ளி முதல் வெறும் மாத்திரை. பாட்டில் கேத்தரினின் டிராயரில், பூட்டுக்குள். சனி முழுக்கக் காய்ச்சல் எட்டிப் பார்க்கவில்லை. ஞாயிறு காலை வீட்டுக்கு அனுப்பும்போதுதான் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்தே இது. இதைக் குடித்தால் ஆறு மணி நேரத்துக்கு மாத்திரை கூடாது என்று அவரையே மூன்று தரம் சொல்ல வைத்தாள்.

பகல் பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. பின்னால் ஒரே விசில், கூச்சல். மமதா கடைசிப் பெனால்டியைத் தடுத்துவிட்டாளாம். சின்னப்பா அழுதுகொண்டே சொன்னார். கேத்தரினுக்கும் கண் நிறைந்துவிட்டது.

"சிஸ்டர், சந்தோஷத்துல நாலு மொளகா பஜ்ஜி தின்னுட்டேன். நெஞ்சு எரியுது. பாட்டில் கையிலதான் இருக்கு, உங்கள கேக்காம தொறக்கல."

மாத்திரை எப்போது போட்டார் என்று கேட்டாள். காலை எட்டுக்கு, அடுத்தது ராத்திரி எட்டுக்கு. விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"குடிங்கண்ணா," என்றாள். "மமதாவுக்காக இன்னொரு பஜ்ஜியும் தின்னுட்டே குடிங்க."